மஞ்சளாகும் நீலம்

பத்தொன்பது மணி நேரம் கலக்கி எடுத்த சமாரியம் அயோடைடு, குடுவைக்குள் மசி நீலம் வெளுத்து மேலிருந்து மஞ்சளாகிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் காற்று பட்டாலே கெட்டுவிடும் பொருள். கலக்கும் காந்தம் மட்டும் எதுவும் நடக்காததுபோல டக்டக்கென்று சுற்றுகிறது. ஆய்வகத்தில் மூத்தவளான அக்காவின் கடைசிச் சோதனைக்கு மதியம் இது வேண்டும். "ஒரு மூடியை ஒழுங்கா மூடத் தெரியல. கையாடி அது?" என்கிறாள் அக்கா. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கரைசலைத் தயாரித்த இளையவள் கையுறையை விரல் விரலாக உருவுகிறாள். மேசையில் அக்காவின் புதிய கட்டுரை கிடக்கிறது. இளையவளின் ஏழு மாத வேலை அதில் இருக்கிறது. அவள் பெயர் இல்லை. "வாயில என்ன, பூட்டா?"

"கை தவறல, அக்கா. நான்தான் திறந்து வெச்சேன்."