சிவப்புக் காய்

கரைத்தீவு கரம்போர்ட் போட்டியின் இறுதி ஆட்டத்தில் எல்லோருடைய கண்ணும் ஜவ்பரின் வலது கையில்தான் இருந்தது.

போன வருட இறுதி ஆட்டத்தில் அந்தக் கை நடுங்கியது. ஸ்ட்ரைக்கர் பலகையைத் தாண்டிப் பறந்து நடுவர் இஸ்ஹாக் குடித்துக்கொண்டிருந்த பிளேன்ரீக் கோப்பைக்குள் விழுந்தது.

ஊர் ஒரு மாதம் சிரித்தது. ஜவ்பரும் கூடவே சிரித்தான். வீட்டுக்குப் போனதும் மனைவி முஃபீதாவிடம், இனி ஊசி வேண்டாம் என்றான்.

காதுக்குள் பேசும் குரல்களை அடக்கி வைத்தது மாதாமாதம் போடும் அந்த ஊசி. கையை நடுங்க வைத்ததும் அதுதான்.

ஒருமுறை ஊசியை விட்டபோது அவன் களப்பில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, அங்கே இல்லாத யாருடனோ சண்டை பிடித்ததை முஃபீதா பார்த்திருக்கிறாள். அவளே கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் நடுக்கத்தைச் சொன்னாள். டாக்டர் ஒரு சின்ன வெள்ளைக் குளிசையைச் சேர்த்து எழுதினார். பென்செக்சோல்.

நடுக்கம் போனது. வாய் காய்ந்தது. கிட்டத்தில் உள்ளதெல்லாம் மங்கியது.

"இண்டைக்கும் தோத்தா ஊசியும் இல்ல, குளிசையும் இல்ல" என்று காலையில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். அவள் இரண்டு பெரிய போத்தலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள்.

இரண்டாவது போத்தலும் முடிந்துவிட்டது.

எதிரே மாம்புரி ஊர்ப் பேதுரு, வயதில் மூத்தவர், சிரிக்காத மனிதர். பலகையில் மிஞ்சியது அவருடைய கறுப்பு ஒன்று, ஜவ்பரின் வெள்ளை ஒன்று, சிவப்பு.

சிவப்பின் ஓரம் கரைந்து தெரிந்தது. ஜவ்பர் கண்ணைச் சுருக்கினான். பிறகு விரலை நம்பிச் சுண்டினான்.

சிவப்பு மூலைக் குழிக்குள் போனது. அடுத்த சுண்டலில் வெள்ளையும் போனது.

மண்டபம் அதிர்ந்தது. இஸ்ஹாக் கோப்பையோடு துள்ளி எழும்பி, பிளேன்ரீயை இடுப்புச் சாரத்தில் கொட்டிக்கொண்டார்.

பேதுரு எழுந்து வந்து, வெறும் போத்தல் இரண்டையும் ஒரு பார்வை பார்த்து, ஜவ்பரின் கையைப் பிடித்தார். கூச்சலுக்கிடையே அவன் காதோரம் குனிந்தார்.

"காய் மங்கலாத் தெரிஞ்சிச்சோ தம்பி? முதல் வருசம் அப்படித்தான். நானும் ஏழு வருசமா அந்தக் குளிசைதான்."

அந்த ஏழு வருடத்தில் ஆறு தடவை வெற்றிக் கிண்ணம் பேதுருவோடு மாம்புரிக்குத்தான் போயிருந்தது.