துரை கேட்ட நாடகம்

"ஏனுங்க ரைட்டரய்யா, துரை நம்ம தலமேல கைய வெச்சா, மனசுல நெனைக்கறதெல்லாம் அவரு காதுல உழுகுமாமுங்களே, நெசந்தானுங்களா?" காளியாயி காப்பிக் கூடையை இறக்காமலே கேட்டாள். "நொம்ப பயமா இருக்குதுங்க."

"ரேடியோவுல நாடகம் கேட்டுக் கேட்டு மனுசனுக்கு மறை கழண்டுபோச்சு, காளியாயி. நீ பேசாமப் போயி வரிசையில நில்லு" என்றார் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஐயாக்கண்ணு.

சீமையிலிருந்து வரும் நாடகம் அது. அதில் ஒரு விஞ்ஞானி பிறர் மனதைக் கேட்டே பெரிய சதியைக் கண்டுபிடிப்பாராம். பத்து வாரம் அதைக் கேட்ட துரை, இப்போது தனக்கும் கேட்கிறது என்று கிளம்பிவிட்டார். பிடிப்பதற்கு ஒரு சதியும் கைவசம் இருந்தது. பழம் பறிக்கும் நேரம் பார்த்து எல்லா ஆள்களும் வேலையை நிறுத்தப்போவதாகப் பேச்சு. அதை நடத்துகிறவன் யாரென்று தெரிந்தால், அவன் குடும்பத்தோடு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்.

ஐயாக்கண்ணுவுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. ஏற்காட்டில் இருபது வருஷம் குப்பை கொட்டியும் 'தண்ணி கொண்டா'வுக்கு மேல் தமிழ் ஏறாத மண்டை! வாய்விட்டுச் சொல்வதே புரியாதவருக்கு மனதில் நினைப்பது புரியுமாக்கும்? ஐயாக்கண்ணு அப்படியில்லை. சேலத்தில் வெள்ளைக்காரரிடமே பாடம் படித்தவர். "எனக்கு நெனப்பே இங்கிலீஷ்லதான் ஓடும்" என்று எஸ்டேட் முழுக்கப் பீற்றிக்கொள்வார்.

காப்பி உலர்த்தும் களத்தில் சோதனை ஆரம்பமானது. துரை முதலில் கூலியாள் கருப்பண்ணனின் தலையில் கைவைத்துக் கண்ணை மூடினார். அவர் முகமெல்லாம் வியர்த்தது.

"கேட்கிறது, ரைட்டர். ஆனால் தமிழ்" என்றார் இங்கிலீஷில்.

அடுத்து காளியாயி. "இதுவும் தமிழ்."

நாற்பது தலை ஆயிற்று. நாற்பதும் தமிழாம்! தப்பித்துக்கொள்ள எவ்வளவு நல்ல சாக்கு என்று ஐயாக்கண்ணு மனதுக்குள் காறித் துப்பினார்.

கருப்பண்ணன் மெதுவாக அவர் பக்கத்தில் வந்தான். "ஏனுங்க, கண்டுபுடிச்சிட்டா என்னுங்க பண்றது?"

"அட, சும்மா நில்லப்பா. இந்தாளுக்கு ஒரு மண்ணும் கேக்காது."

துரை சோர்ந்துபோய்த் திரும்பினார். "நீ ஒருவன்தான் பாக்கி, ரைட்டர். உன்னையும் பார்த்துவிடுகிறேன்."

"தாராளமாகப் பாருங்கள், சார்!" ஐயாக்கண்ணு தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இளித்தபடியே குனிந்தார்.

துரையின் கை அவர் உச்சந்தலையில் பட்டது. ஒரு நிமிஷம் ஓடியது. பிறகு துரை கண்ணைத் திறந்து நிதானமாகச் சொன்னார்:

"'நீ தேடுகிறவன் உன் கைக்கு அடியிலேயேதான் நிற்கிறான், முட்டாளே!' அருமையான இங்கிலீஷ், ரைட்டர்."