சுண்டுவிரல் மடங்கிய கை

ஏலகிரி மலைப்பாதையில் ரத்தினசபாபதியின் ஸ்கூட்டரைக் கண்டதும் எதிரே பைக்கில் வருகிறவர்கள் போட்டிருந்த ரைடிங் ஜாக்கெட் அவர்களின் இடது கையைத் தானாகவே தூக்கியது, சுண்டுவிரலை மட்டும் மடக்கி. விபத்தில் இறந்த அவர் மகன் இளம்பரிதி அப்படித்தான் எதிர்வண்டிகளுக்குக் கை காட்டுவான். மருமகளிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி, ஒரு கம்பெனி அந்தக் கையசைப்பைத் தானியங்கி ஜாக்கெட்டில் பதித்து விற்றது. பைக்கில் ஊர்சுற்றிக் குடும்ப மானத்தைக் கெடுக்கிறான் என்ற கோபத்தில், மகன் உயிரோடிருந்தபோது காட்டிய கைக்கே அவர் பதிலுக்குக் கை காட்டியதில்லை.

டீக்கடையில் அந்த ஜாக்கெட்டோடு ஒரு பெண் நின்றாள்.

"அது எங்க வீட்டுப் பிள்ளையோட கைம்மா. கழட்டிடு."

"நீங்க சொல்லவே வேணாம் சார். இன்னிக்கு சாயங்காலத்தோட கம்பெனிக்காரங்களே எல்லா ஜாக்கெட்லயும் இந்தக் கையை நிறுத்திடுறாங்க. நாளையிலேர்ந்து வேற ரைடரோட கை. இது பழசாயிடுச்சாம்."

அவர் கையிலிருந்த டீ ஆறியது.

"ஏம்மா, கீழ இறங்கி இன்னொரு தடவை ஏறி வர்றியா?"

"எதுக்கு சார்?"

"நான் எதிர்ல வர்றேன்."

மூன்றாவது வளைவில் அவள் வந்தாள். ஜாக்கெட்டின் கை எழுந்தது. ரத்தினசபாபதியும் தன் கையைத் தூக்கினார். அவள் கடந்து போய், பைக்கின் சத்தமும் ஓய்ந்த பிறகும், ஆளில்லாத பாதையில் அவர் கையை இறக்கவில்லை.