எக்கிய வயிறு

விளையாட்டுக் கூடத்தின் உயரமான ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழுகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் வெறுங்காலோடு வரிசையாக நிற்கிறார்கள். எதிரே, உடற்கல்வி ஆசிரியர் பயிற்சிக்கு வந்திருக்கும் பெண். கழுத்தில் புது விசில். பயிற்சிக் கல்லூரியில் கொடுத்த டி-ஷர்ட் இடுப்பில் கொஞ்சம் பிடிக்கிறது. அடிக்கடி அதைக் கீழே இழுத்துவிட்டுக்கொள்கிறாள். பக்கத்துச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அவள் பார்வையில் பாதி பிள்ளைகளுக்கு, பாதி அதற்கு. அவளோடு கல்லூரியில் படிக்கிறவன் பின்னால் நின்று அவள் பாடம் நடத்துவதைக் கவனிக்கிறான். கட்டிய கைகளுக்குள் முஷ்டியை முட்டுக்கொடுத்துப் புஜத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறான். "மூச்சை நல்லா உள்ள இழுங்க. வயிறு பந்து மாதிரி உப்பணும். என்னைப் பாத்து செய்யுங்க" என்கிறாள் அவள். அவளுடைய வயிறோ முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. காலையில் இந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் எக்கியது, இன்னும் விடவில்லை. அவளுக்கே அது தெரியாது. பிள்ளைகள் அவளைப் பார்த்துச் செய்கிறார்கள். அத்தனை வயிறும் ஒரே இழுப்பில் உள்ளே போக, பனியன்கள் முன்னால் தொளதொளவென்று தொங்குகின்றன. முன்வரிசையில் கன்னம் கொழுத்த ஒரு சிறுமி, முகமெல்லாம் சிவந்துபோய், எக்கிய வயிற்றை விடாமலே கேட்கிறாள்: "டீச்சர், நீங்க எப்ப விடுவீங்க?"