வாலெட் படுத்துவிட்டது

"மேடம், வாலெட் மறுபடியும் படுத்துடுச்சு."

செடிக்கடைக்காரர் போனில் சொன்னபோது மணி பத்துகூட ஆகவில்லை.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுச்சு. இன்னைக்குக் காலையில ஒருத்தர் ரோஜாத் தொட்டி வாங்கப் பார்த்திருக்கார். பணம் கட்டுற இடத்துல 'மன்னிக்கவும்'னே வருதாம்."

"சரி சார், வர்றேன்."

பதினோரு மணிக்கு அவள் வந்துவிட்டாள். உர மூட்டைகளுக்கு நடுவே அவர் துடைத்துவைத்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். கடையின் இணையதளத்தில் வாலெட் மூலம் பணம் கட்டும் வசதியைச் சேர்த்துக் கொடுக்க வந்தவள். மூன்று நாள் வேலை என்றுதான் சொன்னாள். இன்று பன்னிரண்டாவது நாள்.

இதற்குள் அவளைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்துவிட்டது. தேநீரில் சர்க்கரை கூடாது. வேலை செய்யும்போது உதட்டுக்குள்ளேயே யாரையோ திட்டுவாள். தனக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணப் பேச்சை விடாத சொந்தக்காரர்களுக்குப் பயந்து தனியாக வீடெடுத்து இருக்கிறாள். வாடிய செடி கண்ணில் பட்டால் போதும், வேலையைப் போட்டுவிட்டுப் பூவாளியைத் தூக்கிவிடுவாள்.

மனைவி இறந்து ஆறு வருடமாக அந்தக் கடையில் அவருடைய பேச்சுத்துணை செடிகள்தான். இந்தப் பன்னிரண்டு நாளாகச் செடிகளைக் கொஞ்சம் மறந்திருந்தார்.

"ஆச்சு. பணம் கட்டிப் பாருங்க."

அவர் தன் போனிலிருந்தே ஒரு சின்னத் தொட்டி வாங்கினார். பணம் வந்துவிட்டதாக டிங் என்றது.

"இனிமே நான் வர முடியாது சார்," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடியே. "வேற ஊர்ல ஒரு வேலை வந்திருக்கு. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும்."

"நல்ல... நல்ல வேலையா?"

"நல்ல வேலைதான்."

அவர் வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தார். வேறு ஏதோ வந்தது.

"மேடம், திட்டாம கேக்கணும். வாலெட் தானா படுக்கல. நீங்க மூணாவது நாளே ஒழுங்கா முடிச்சுட்டீங்க. நான்தான் தினமும் கடையைத் திறந்ததும் செட்டிங்ஸ்ல போய் ஒரு வரியை அழிச்சுட்டு, உங்களைக் கூப்பிடுறேன்."

அவள் நிமிர்ந்தாள். "எந்த வரியை?"

லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். திருட்டு நகையைக் காட்டிக் கொடுப்பவர்போல அவர் விரலை நீட்டினார்.

"எதுக்கு சார் இப்படிப் பண்ணீங்க?"

"உங்களை வேற என்ன சொல்லி வரவைக்கிறதுன்னு தெரியல. செடிக்கு உரம் போடத் தெரியும். இதெல்லாம் தெரியாது."

அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பதறிப்போய் அவர் நாற்காலியைச் சுற்றி வந்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது நான் என் ஞாபகத்துக்குத் தினமும் எழுதி வைக்கிற குறிப்பு சார். இதை அழிச்சா ஒண்ணுமே ஆகாது," என்றவளின் முகம் மெல்லச் சிவந்தது. "தினமும் சாயங்காலம் கிளம்புறப்போ வாலெட்டை நிறுத்திட்டுப் போனது நான்தான்."