விரல் நீள மரம்

“உள்ளே எங்கேயாவது மரம் இருக்கா மேடம்?”

“கார்பன் ஃபைபர் மாண்டலின்னுதானே போர்டு வெச்சிருக்கேன். அப்புறம் ஏது சார் மரம்?”

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கண் தானாக மேஜைமேல் இருந்த மாண்டலின் பக்கம் போய்த் திரும்பியது.

வந்தவன் விடுவதாக இல்லை. முகமூடிக்கு மேலே அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. கார்பன் தூசி பறக்கும் பட்டறையில் எல்லோருக்கும் முகமூடி உண்டு. ஆனால் இவன் வாசலில் நின்று பேசும்போதுகூடக் கழற்றுவதில்லை. நாற்காலி போட்டால் உட்காருவதில்லை. இந்த வாரத்தில் இது நாலாவது தடவை. வந்தால் சுவருக்கும் ஜன்னலுக்குமாக ஒரே நடை.

“சரி, ஒட்டறதுக்கு என்ன பசை? எத்தனை டிகிரியில எத்தனை மணி நேரம் சூடு பண்ணுவீங்க? தினமும் ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா மேல்பூச்சு கரையுமா?”

கையில் சின்ன நோட்டு. பேனா மூடியைத் திறந்து தயாராக வைத்திருந்தான்.

“வாசிக்கத்தானே வாங்கறீங்க? இதெல்லாம் எதுக்கு?”

“சும்மாதான். தெரிஞ்சு வெச்சுக்கலாமேன்னு.”

“ஒரு நிமிஷம் இருங்க” என்று பின்னறைக்கு வந்தாள். அங்கே அவள் கணவர் அச்சுக்குள் கறுப்புத் துணியை அழுத்திவிட்டு, காற்றை உறிஞ்சும் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏங்க, அந்த ஆளு ஒரு மார்க்கமா இருக்கான்.”

“நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? எவனோ அனுப்பியிருக்கான். வாசிக்கிறவனா இருந்தா சத்தம் எப்படின்னு கேப்பான். இவன் சமையல் குறிப்புல்ல கேக்கறான்!”

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருத்தர் மனைவி, பிள்ளையோடு வந்து, டீ குடித்து, பேச்சோடு பேச்சாக எல்லாவற்றையும் அளந்துகொண்டு போனார். ஆறே மாதத்தில் அவளுடைய மாண்டலின் வேறொரு பெயரில் கடைக்கு வந்தது. ஒட்டிப் பிறந்த இரட்டை மாதிரி.

அந்த ஆத்திரத்தில் எட்டு மாதம் தட்டித் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்ததுதான் அந்த மரத்துண்டு. விரல் நீளம்தான். மேல்தட்டுக்கு அடியில், வெளியே தெரியாத மூலையில் அதை ஒட்டிய பிறகுதான் தகரச் சத்தம் போய் வாத்தியம் பேச ஆரம்பித்தது. விஷயம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“விக்கறதுக்கில்லைன்னு சொல்லிடட்டுமா?”

“சொன்னா வேற ஆளை அனுப்புவாங்க. கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்லு. குச்சியை மட்டும் முழுங்கிடு. தலைகீழா நின்னு செஞ்சாலும் அவங்களுக்குத் தகர டப்பாதான் வரும்.”

அவள் திரும்பி வந்தபோது அவன் நின்றபடியே வாசித்துக்கொண்டிருந்தான். எட்டுக் கம்பிகளும் அவன் விரலுக்குக் கீழே படபடத்தன. ஒரு நிமிஷம் அவளுக்குக் கோபம் மறந்துவிட்டது. அப்புறம் மனதை இறுக்கிக்கொண்டாள். திருட வருகிறவனுக்கும் கை நன்றாக இருக்கக்கூடாதா என்ன?

“கார்பன்ல இவ்வளவு ஈரமான சத்தம் எப்படி மேடம் வருது?”

“நல்ல கார்பன் சார்.”

பசை, சூடு, மணிக்கணக்கு எல்லாம் ஒப்பித்தாள். ஸ்பிரிட்டால் ஒன்றும் ஆகாது என்றாள். அவன் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டான். கடைசியில் குரலைத் தாழ்த்தினான்.

“இன்னொரு உதவி. இதுல மரம் துளிகூட இல்லைன்னு உங்க கடை பேர் போட்ட தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும்.”

பின்னறைக் கதவிடுக்கில் கணவரின் தலை தெரிந்தது. ‘எழுதிக் கொடு’ என்று கண்ணாலேயே சொன்னார்.

எழுதினாள். கையெழுத்துப் போடும்போது பேனா கொஞ்சம் வழுக்கியது. முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

அவன் அதை இரண்டு முறை படித்தான். நாலு நாளாக விறைத்துக்கொண்டிருந்த தோள்கள் அப்போதுதான் இறங்கின. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மாண்டலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

“போய்ச் செஞ்சு பாக்கட்டும்” என்று அவள் வாய்க்குள் முணுமுணுத்தாள்.

வாசல்வரை போனவன் திரும்பிப் பார்த்தான்.

“மன்னிச்சுக்குங்க மேடம், உங்களை ரொம்பப் படுத்திட்டேன். விஷயத்தை முதல்லயே சொன்னதுக்கு, ‘உடம்பு தேறி வாங்க, அப்புறம் பாக்கலாம்’னு ரெண்டு கடையில அனுப்பிட்டாங்க. அதான் வாயைத் திறக்கலை. நாளைக்கு எனக்கு எலும்பு மஜ்ஜை மாத்தறதுக்கு அட்மிஷன். ஒரு மாசம் கண்ணாடி ரூமுக்குள்ள தனியா இருக்கணும். மரத்துல பூஞ்சை ஒளிஞ்சிருந்தா உயிருக்கே ஆபத்தாம். ஒரு தீக்குச்சிகூட உள்ளே வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பசை, சூடெல்லாம் கேட்டு எழுதிட்டு வரச் சொன்னதும் அவர்தான். நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாலதான் இதை உள்ளே விடுவாங்க.”

அவன் முதல் படியில் கால் வைப்பதற்குள் அவள் ஓடிப்போய்ப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“சாயங்காலம் வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்க சார்... உள்ளே மரம் இருக்கு.”