ஆளுக்கு இரண்டு வரி

ஞாயிற்றுக்கிழமை காலை தணிகாசலம் வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். இடம் போதவில்லை. அதனால், பழைய மின்னஞ்சல்களை எல்லாம் படித்து, ஆளுக்கு இரண்டு வரியாகச் சுருக்கி வைத்துவிட்டு, மூலக் கடிதங்களை அழித்துவிடும் புதுச் செயலி ஒன்றை ஓடவிட்டிருந்தார்.

முதலில் தம்பியின் கோப்பு வந்தது: ‘எல்லாக் கடிதங்களிலும் தன் முட்டிவலியைப் பற்றியே எழுதுகிறார்.’ தணிகாசலம் வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்தது, கல்யாணமாகி ஆஸ்லோவில் இருக்கும் மகள் தேன்மொழி. ஒன்பது வருடத்தில் அறுநூறு கடிதங்கள். ‘கணவருக்குப் பயந்து வாழ்கிறார், வீடு திரும்பலாமா என்று கேட்கிறார். அப்பாவின் பதில்: குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்.’

“அவ எப்பங்க அப்படி எழுதினா?” பக்கத்தில் நின்ற மனைவி செண்பகம் கேட்டாள். மகளின் கடிதம் ஒவ்வொன்றையும் அவளுக்குப் படித்துக் காட்டியவர் அவர்தான். அப்படி ஒரு வரி எதிலும் இருந்ததாக அவருக்கு நினைவில்லை. தேடிப் பார்க்கக் கடிதங்களும் இப்போது இல்லை.

உடனே மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தேனு, அங்க பயந்துகிட்டா இருக்கே? கிளம்பி வந்துடும்மா.”

 அவள் அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

“அவர் என் மெயில் எல்லாத்தையும் பார்ப்பார்ப்பா. அதனால வெளிப்படையா எழுதினதே இல்ல. நீங்களா புரிஞ்சுப்பீங்கன்னு ஒன்பது வருஷமா எழுதினேன். இப்ப யாருப்பா படிச்சது?”

தணிகாசலத்துக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.